சொல்தா வீட்டு அலமாரிக் காகிதம்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கச்சி ஜோஸ்பினுக்கு,

உன் அண்ணன் அருள்சாமி தன் சொந்தக் கையால் எழுதுவது. பிரான்சில் உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நல்ல சுகம் கொடுக்கட்டும். இங்கே எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

எழுத்து பூசணிக்காய் மாதிரி பெரிதாக இருக்கிறது என்று சிரிக்காதே. எழுபத்தொரு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. உன் பெயரை எழுதுவதற்கே தனித்தாளில் ஆறு தடவை எழுதிப் பார்த்துக்கொண்டேன்.

முதல் கடிதமா, அண்ணன் மூன்றாம் வகுப்புப் படித்தவர் ஆயிற்றே என்று நீ நினைப்பாய். உன்னிடம் அப்படிச் சொன்னவன் நான்தான். அது பொய் அம்மா. நான் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததில்லை. எட்டு வயதில் மாட்டுக்குப் பின்னால் போனவன். கோயிலில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாடுவேனே, அதெல்லாம் காதால் கேட்டு மனப்பாடம் செய்தது. பக்கத்தில் நிற்பவர் பக்கம் திருப்பினால் நானும் திருப்புவேன். இப்படியே வயதைக் கடத்திவிட்டேன்.

போன ஆகஸ்டில் பால்வாடி டீச்சர் வெண்ணிலா பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தாள். ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஏரிப் பக்கம் போகிறவன் மாதிரி சுற்றிப் போனேன். கேட்டவர்களிடம் பால்வாடியைப் பூட்ட உதவிக்குப் போகிறேன் என்றேன். பூட்டு ஒன்று, பூட்டுகிறவர் பதினோரு பேர். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாரும் என்னை மாதிரி துண்டு போட்டு வந்தவர்கள்.

இப்போது படிக்கிறேன் தங்கச்சி. எதைப் பார்த்தாலும் படிக்கிறேன். மதகடிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு போர்டு பாக்கி விடுவதில்லை. செருப்புக்கடை, முட்டை தோசை, ஜெராக்ஸ், பல் ஆஸ்பத்திரி. பல் ஆஸ்பத்திரி வாசலில் வெகுநேரம் நின்றதைப் பார்த்து நர்ஸ் பெண் வெளியே வந்து, “இன்னா தாத்தா, எந்தப் பல்லு?” என்று கேட்டது. பல்லெல்லாம் இல்லம்மா, சும்மா படிச்சினு இருக்கேன் என்றேன். சிமெண்டு மூட்டையைப் படித்தேன். மாத்திரை அட்டையைப் படித்தேன். நாற்பது வருடமாக எங்கள் ரேஷன் கார்டில் சகாயராணி பெயர் என் பெயருக்குக் கீழே இருந்திருக்கிறது. அவள் போய் ஆறு வருடம் கழித்து அதை நான் படித்தேன்.

இனி வீட்டுச் சேதி. பொங்கல் முடிந்த மறுநாள் சொல்தா வீட்டைத் திறந்தேன். உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்துவிட்டு வந்து அம்பது வருடம் ஆகியும் ஊரில் அதற்கு வேறு பேர் வரவில்லை. கேட்டுப் பூட்டு துருப்பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஆட்டித் திறந்தேன். சாவித் துவாரத்தில் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. இந்த வருட மழையில் தண்ணீர் முதல் படிவரை ஏறி நின்றிருக்கிறது, சுவரில் கோடு தெரிகிறது. உள்ளே வரவில்லை. தெற்குப் பக்கம் ஓடு எட்டு சரிந்திருந்தது, மாற்றிவிட்டேன். மோட்டார் முதலில் தண்ணீரை இழுக்கவில்லை. வாயில் இரண்டு குடம் ஊற்றிப் போட்டதும் இருமிக்கொண்டே இழுத்தது. டேங்கைத் திறந்தால் தவளை ஒன்று என்னை வீட்டுக்காரன் மாதிரி பார்த்தது. மூன்று முறை கழுவி விட்டிருக்கிறேன்.

மெத்தையை வேப்பிலையும் பாச்சை உருண்டையும் போட்டுச் சுருட்டி வைத்தது நல்லதாகப் போயிற்று. எலி தொடவில்லை. தினமும் பத்து மணி முதல் நாலு மணி வரை வெயிலில் போடுகிறேன். சுவரில் பூஞ்சை. சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சமையல் அறை அலமாரியில் கறையான் ஏறியிருக்கிறது.

அலமாரியைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதமே. ஆனால் இன்றைக்குக் கை வலிக்கிறது. கையைச் சாக்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

வியாழக்கிழமை

நேற்று எழுதவில்லை. பேனாவைத் திறந்து மூடினேன், அவ்வளவுதான்.

என் மகன் சேவியர்ராஜ் சேதராப்பட்டு கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, நான் தாளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “போன்ல பேசிட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்பா, எதுக்கு இந்தப் பாடு?” என்றான். அதற்காகத்தான் போன் வேண்டாம் என்றேன். போனில் உன் குரலைக் கேட்டதும் என் வாய் பழக்கப்படி, எல்லாம் செஞ்சிட்டேம்மா என்று சொல்லிவிடும். ஒன்பது வருடம் பழகிய வாய். கைக்கு இன்னும் பொய் பழகவில்லை.

அந்த அலமாரிக் கதவின் உட்புறத்தில் நீ ஒரு காகிதம் ஒட்டினாய் அல்லவா, பிளாஸ்டிக் உறை போட்டு. வீட்டைப் புதுப்பித்த முதல் வருடம், ஏப்ரலில் கிளம்பும்போது. “நான் போனப்புறம் என்னென்ன செய்யணும்னு எழுதிட்டேண்ணே, படிச்சிப் பாருங்க” என்றாய். நான் காகிதத்தின் முன்னால் நின்று கண்ணை மேலும் கீழும் ஓட்டி, சரிம்மா, புரியுது என்றேன். அதற்கு முந்தின நாள் முழுக்க நீ வீட்டைக் கட்டி மூடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தேன். எதை எப்போது செய்ய வேண்டும் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். காகிதத்தின் தயவு எனக்குத் தேவைப்படவில்லை.

இந்த வருடம் அதை உண்மையாகவே படிக்கப் போகிறேன் என்று எவ்வளவு ஆசையாக இருந்தேன் தெரியுமா? பொங்கலுக்கு எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். மோட்டார், ஓடு எல்லாவற்றையும் முடித்துக் கை கால் கழுவி, முக்காலியைப் போட்டு அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். கறையான் பலகையை அரித்து உறையின் ஓரம்வரை வந்திருந்தது. காகிதம் தப்பித்தது. மெதுவாகப் பிய்த்து எடுத்து வெளிச்சத்தில் வைத்துக்கொண்டேன்.

நீ வரிக்கு வரி எண் போட்டிருக்கிறாய். முதல் வரி, காஸ் வால்வை மூட வேண்டும். செய்தேன். இரண்டு, மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். செய்தேன். மூன்று, மெத்தைக்கு வேப்பிலை. செய்தேன். படிக்காமலே எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். டேங்க், மோட்டார் மூடி, ஓடு, கிணற்று வலை, சுண்ணாம்பு. எட்டு வரியும் சரி. பரீட்சையில் பாஸ் என்று நினைத்தேன்.

ஒன்பதாவது வரியை நான் இங்கே எழுதுகிறேன். உன் வார்த்தைதான். பார்த்து எழுதுகிறேன்.

“அண்ணே, இதை வாயால் கேட்க எனக்கு முகமில்லை. அம்மா அடக்கத்துக்கு நான் வந்து சேரவில்லை. கல்லறைத் திருநாளுக்கும் என்னால் வர முடியாது. அன்றைக்கு ஊரில் எல்லாக் கல்லறையிலும் வெளிச்சம் இருக்கும்போது அம்மா மட்டும் இருட்டில் இருக்கக் கூடாது. கீழ்த்தட்டில் நீல டின்னில் இரண்டு மெழுகுவர்த்தி வைக்கிறேன். லூர்து நகரில் மந்திரித்து வாங்கியது. வருடா வருடம் வைப்பேன். என் சார்பாக நீங்கள் ஏற்றி வையுங்கள். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். அம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள், ஜோஸ்பின் அனுப்பினாள் என்று.”

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு தங்கச்சி. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் போக வேண்டும். எதையும் தாண்டிப் போக முடியாது.

அந்த மெழுகுவர்த்திகளை நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கரண்ட் போனால் உதவட்டும் என்று எனக்காக நீ வைத்துவிட்டுப் போவதாக நினைத்தேன். தடியாக, வெள்ளையாக, அடியில் மாதா படம் ஒட்டி, அழகாக இருக்கும். புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லாதபோது அந்த வெளிச்சத்தில் கஞ்சி குடித்தோம். ஒரு வருடம் ஒன்றை எடுத்து உன் வீட்டுக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் தேய்த்தேன், சுலபமாக ஓடட்டும் என்று. இதையெல்லாம்கூட நீ பொறுத்துக்கொள்வாய்.

சகாயராணி இறந்த வருடத்திலிருந்து, நவம்பர் இரண்டாம் தேதி, உன் மெழுகுவர்த்தியைக் கொண்டுபோய் அவள் கல்லறையில் ஏற்றினேன். கடையில் வாங்கும் வத்தி காற்றுக்கு அணைந்துவிடும். உன்னுடையது விடிகிறவரை நிற்கும். அருள்சாமி பெண்டாட்டிக்கு வெளிநாட்டு வத்தி ஏத்தறான் என்று ஊரில் பேச்சு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் அம்மா காசம்மாள் பெரியம்மாவின் கல்லறை அங்கிருந்து இரண்டு வரிசை தள்ளி. உனக்குத் தெரியும். கல்லறைத் தோட்டம் முழுக்க வெளிச்சம், பூ, சாமியாரின் மந்திரத் தண்ணீர். அது ஒன்று மட்டும் இருட்டு.

அந்த இருட்டைப் பார்த்து நான் பேசினேன் தங்கச்சி. கிரேஸ் மேரி பக்கத்தில் நின்றாள், என் அக்கா மகள். அவளிடம் சொன்னேன், “பிரான்சுக்குப் போனதும் பெத்தவள மறந்துட்டா பாரு. வூட்டுக்கு வருசா வருசம் சுண்ணாம்பு அடிக்கச் சொல்றா. தாயிக்கு ஒரு வத்தி ஏத்த ஆளில்ல.” இதைச் சொல்லும்போது என் காலடியில் உன் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

ஒரு வருடம் அல்ல. வருடா வருடம் சொன்னேன். அந்தப் பேச்சு என்னிடமிருந்து கிரேஸ் மேரிக்கும், அவளிடமிருந்து தண்ணீர்க் குழாய்க்கும் போயிற்று.

இன்றைக்கு இவ்வளவுதான் முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை

போன வருடம் கோயிலுக்கு வெளியே மாதா சுரூபம் இருக்கும் கெபி முன்னால் கிரேஸ் மேரி உன்னைப் பார்த்து, “பெத்த தாயையே மறந்தவளுக்கு இந்த ஊர்ல வூடு எதுக்கு?” என்று கேட்டாள் அல்லவா. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அண்ணன் சொல்லுவார், வருடா வருடம் வத்தி ஏற்றுகிறவர் அவர்தானே என்று நினைத்துத்தான் பார்த்தாய் என்று இப்போது புரிகிறது. அந்தப் பேச்சு என் வாயில் பிறந்தது என்று தெரிந்ததால் நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில், “ஏண்ணே அது அப்படிச் சொல்லுது?” என்று கேட்டாய். அது வாய் அப்படி, விடும்மா என்றேன். கிரேஸ் மேரி தலையில் போட்டுவிட்டு நான் தப்பித்தேன்.

இரண்டு மாதம் இருப்பவள் பதினைந்து நாளில் கிளம்பிவிட்டாய். டிசம்பரில் போன் செய்து, இந்த வருடம் வந்து வீட்டைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், எனக்கு அந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்றாய். வயசாச்சு, முட்டி வலி, அதனால் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதும் முழு உண்மை இல்லை. கொஞ்சம் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நீ வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் கல்லறைக்குப் போவாய். அது வெள்ளையாக இருக்கும். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நீங்க செஞ்சதுக்கு நான் இன்னா செய்யப் போறேன்” என்று அழுவாய். வீட்டுக்கு அடித்து மிஞ்சின சுண்ணாம்பை, வாளியில் காய்ந்து போகுமே என்று, ஜனவரியில் கொண்டுபோய்க் கல்லறையில் அடிப்பேன். அவ்வளவுதான் நான் செய்தது. மிச்சச் சுண்ணாம்புக்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்து, பரவாயில்லம்மா என்று சொல்லி, நீ கொடுக்கிற சட்டையை வாங்கிக்கொள்வேன். பேப்பர்ல இருந்ததெல்லாம் செஞ்சீங்களாண்ணே என்று கேட்பாய். ஒண்ணு விடாம செஞ்சேன் என்பேன். நீ எதைக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்பது சட்டையில் எட்டு நன்றாக இருக்கிறது. இப்போது எதையும் போட முடியவில்லை. பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உன் வீட்டு வேலை செய்கிறேன்.

நேற்று ராஜ்மோகன் வீட்டைப் பார்க்க வந்தார். நீ சொன்ன அதே ஆள்தான். வாங்கினால் டவுன்காரர்களுக்குச் சனி ஞாயிறு வாடகைக்கு விடுவாராம். நல்ல மனிதர்தான். அலமாரியைத் தட்டிப் பார்த்து, “இது கறையான் தின்னுட்டுது பெரியவரே, தூக்கிக் கொல்லையில போட்டுடுங்க” என்றார். நான் கதவைச் சாத்தி அதன் முன்னால் நின்றுகொண்டேன். ஏன் அப்படி நின்றேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

சாயங்காலம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கேட்டு முடித்து மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அங்கேயே சொல்லி முடித்தேன். கோயில் படியை இறங்கும்போதே தெரிந்தது, அது போதாது.

அதனால் இன்று காலை, பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்து பேசிக்கொண்டு நிற்கும் நேரத்தில், கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று கிரேஸ் மேரியைக் கூப்பிட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாமல்தான் இருந்தது, போன ஆகஸ்டில்தான் படிக்க ஆரம்பித்தேன் என்றேன்.

“இன்னா மாமா சொல்ற? கோயில்ல புத்தகம் வச்சினுதானே பாடுவ?” என்றாள்.

“தலகீழா குடுத்திருந்தாலும் அப்படியேதான் பாடியிருப்பேன் கிரேசு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம், அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அடுத்ததைச் சொன்னேன். காசம்மாள் பெரியம்மாவுக்கு ஏற்றச் சொல்லி ஜோஸ்பின் வருடா வருடம் மெழுகுவர்த்தி வைத்துவிட்டுப் போனாள், அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல் என் வீட்டில் எரித்தேன், என் பெண்டாட்டிக்கு ஏற்றினேன், பழியை அவள் மேல் போட்டேன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

கிரேஸ் மேரி என் கிட்டே வந்தாள். “ஒன் வாயில கேட்டுதானே அந்தப் பொம்பள மூஞ்சிக்கு நேரா நான் கேட்டேன்? நீ பக்கத்துலதானே மாமா நின்ன? இப்ப எம் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?” என்றாள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீ யாருக்கும் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். என் குற்றத்தைச் சொல்லாமல் உன் பேரைக் கழுவ முடியவில்லை, அதனால் மெழுகுவர்த்தியைப் பற்றிச் சொன்னேன். உனக்கு முகமில்லை என்று எழுதினாயே, அந்தப் பகுதியை யாரிடமும் சொல்லவில்லை. சேவியர்ராஜிடமும் சொல்லவில்லை. காகிதம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

வியாழக்கிழமை

மூன்று நாள் கிரேஸ் மேரி என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு போனாள். நேற்றுக் காலை நான் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தபோது துடைப்பத்தோடு உன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாசலைப் பெருக்கினாள், கொல்லையைப் பெருக்கினாள், கிணற்றடிப் பாசியைத் தேய்த்தாள். போகும்போது, “மெத்தைய இன்னும் ரெண்டு நாளு நல்லா காய வை. அது முதுகு வலிக்காரி” என்றாள். அவள் உன்னிடம் நேரில் வந்து பேசுவாள் என்று நினைக்கிறேன். வராவிட்டால் அதற்கும் காரணம் நான்தான் என்று வைத்துக்கொள்.

வீட்டுக்கு நேற்றும் இன்றுமாகச் சுண்ணாம்பு அடித்து முடித்தேன். ஈரம் காய்ந்தால் பளிச்சென்று வரும். அலமாரிக்குக் கறையான் மருந்து அடித்தேன், கீழ்ப்பலகையை மட்டும் மாற்றினேன். மேல்பலகையும் கதவும் உறுதியாக இருக்கின்றன. கதவில் காகிதம் ஒட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாகப் பழைய நிறத்தில் தெரிகிறது. அதில் கை வைக்கவில்லை.

வழக்கப்படி சுண்ணாம்பு மிஞ்சியிருக்கிறது. கால் வாளி. இன்றைக்கும் வந்த கிரேஸ் மேரி அதைப் பார்த்துவிட்டு, கல்லறைக்கு நான் அடிச்சிட்டு வரேன் மாமா என்றாள். வேண்டாம் என்று தடுத்தேன். இந்த வருடம் பெரியம்மாவின் கல்லறைக்கு யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. பாசி பிடித்து, ஒரு மூலையில் புல் முளைத்து, மழையில் கறுத்து இருக்கிறது. உன் கண்ணுக்கு அது உள்ளபடி தெரியட்டும். மறுபடியும் வெள்ளையைக் காட்டி உன்னை நான் ஏமாற்றக் கூடாது. பார்க்கும்போது உனக்குக் கஷ்டமாக இருக்கும். கோபம் வரும். அந்தக் கோபத்தை வேறு யார் மேலும் போடாதே, என் மேல் போடு. வாளியை ஈரச் சாக்கால் மூடிக் கிணற்றடி நிழலில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் சுண்ணாம்பு அடிக்கும் மட்டை இரண்டு நசுக்கி வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. மற்றது யாருக்கு என்று நீ சொல்.

நீ போன வருடம் வைத்துவிட்டுப் போன இரண்டில் ஒன்று பாதி எரிந்து என் வீட்டுப் பரணில் கிடைத்தது. மாதா படம் அப்படியே இருக்கிறது. துடைத்து நீல டின்னில் வைத்து, டின்னை அதன் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். ஏற்றவில்லை. அதை ஏற்ற எனக்கு என்ன பாத்தியதை?

இன்று விடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சகாயராணியிடம் முதலில் போகவில்லை. பெரியம்மாவிடம் போனேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். அக்கம்பக்கம் யாரும் இல்லை. இருந்தாலும் சொல்லியிருப்பேன். பெரியம்மா, ஜோஸ்பின் அனுப்பினாள், ஒன்பது வருடமாக அனுப்பினாள், நான்தான் கொண்டுவந்து சேர்க்கவில்லை என்றேன். பெரியம்மா உயிரோடு இருந்தால், எவ்வளவு பெரிய தப்புக்கும், போடா அருளு, போய் சோத்தத் தின்னு என்பார்கள். அப்படி ஒரு குரல் வராதா என்று நின்றிருந்தேன். வரவில்லை. பக்கத்து வயலில் மோட்டார் ஓடுகிற சத்தம்தான்.

வீட்டை விற்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். முட்டி வலிக்காக விற்றால், பிள்ளைகளுக்காக விற்றால், ராஜ்மோகனுக்கு நானே வீட்டைத் திறந்து காட்டுவேன். இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்து மட்டும் விற்காதே. அந்தக் கேள்வியை உன் மனசில் போட்டவன் நான். அதை எடுக்க வேண்டியவனும் நான்தான். எப்படி எடுப்பது என்று வெண்ணிலா வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தை நாளைக்குத் தபாலில் சேர்க்கிறேன். நீ கிளம்புவதற்குள் கிடைத்துவிடும் என்று போஸ்டாபீசில் சொன்னார்கள். கவர் மேல் இருக்கும் இங்கிலீஷ் எழுத்து வெண்ணிலாவுடையது. உள்ளே இருக்கும் தப்பும் சரியும் முழுக்க என்னுடையது. அவளைத் திருத்த விடவில்லை. திருத்த வேண்டுமென்றால் படிக்கக் கொடுக்க வேண்டுமே.

பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி உன் வண்டி ஊருக்குள் வரும்போது, வழக்கமாக நான் மெயின் ரோட்டு நிழற்குடையில் சாவியோடு நிற்பேன். நீ கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டுவாய். இந்த வருடமும் வந்து நிற்பேன். என் முகத்தைப் பார்க்க உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வண்டியை நிறுத்த வேண்டாம், நேரே வீட்டுக்குப் போ. கிரேஸ் மேரியிடம் இன்னொரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன், அவள் திறந்துவிடுவாள். நான் புரிந்துகொண்டு திரும்பிப் போய்விடுவேன்.

காசம்மாள் பெரியம்மாவின் ஆசீர்வாதமும் வேளாங்கண்ணி மாதாவின் துணையும் வழி முழுக்க உன்னோடு இருக்கட்டும். விமானத்தில் காலை நீட்டி உட்கார். குளிருக்கு முட்டியில் துணி சுற்றிக்கொள். பத்திரமாக வா அம்மா.

நிழற்குடையில் நிற்பேன். காலையிலிருந்தே நிற்பேன்.

இப்படிக்கு,
நீ அண்ணன் என்று கூப்பிடக் கேட்டு ஒன்பது வருடம் மகிழ்ந்தவன்,
அ. அருள்சாமி